பொலிவாருக்கு ஒரு சேட்டு

பெயரைக் கேட்டவுடனேயே இராசலிங்கம் அண்ணைக்குப் பிடித்துவிட்டது. "பொலிவாரோ! ஆர் ரீச்சர் இந்தாள்? பேரே வாழ்த்து மாதிரியெல்லோ கிடக்கு. வாழ்வார், வளர்வார், பொலிவார்!" என்று சொல்லித் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். ஜேர்மனியில், எசன் நகரத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். அவர் தலையாட்டாமல் அங்கே ஒரு கதிரைகூட இடம் மாறாது. ஆண்டு விழாவுக்கென்று, அங்கே படிப்பிக்கிற ரஞ்சினி ரீச்சர் எழுதிய நாடகத்துக்கும் அப்படித்தான் தலையாட்டினார்.

ரஞ்சினிக்கு அந்தப் பெயரை முதலில் சொன்னவள், வயோதிபர் இல்லத்தில் அவளோடு வேலை செய்த ஒரு கொலம்பியாக்காரி. தேநீர் குடிக்கிற நேரங்களில் ஜேர்மன் மொழியில் கதை கதையாகச் சொல்லுவாள். தென்னமெரிக்காவில் மலைகளைத் தாண்டிப் போய் நாடு நாடாக விடுவித்தவர் சீமோன் பொலிவார். ஊருக்கு ஊர் சிலை, ஒரு நாட்டுக்கே அவருடைய பெயர். அதெல்லாம் பிறகு வந்த மரியாதை. உயிரோடு இருந்தபோது, அவர் விடுவித்த சனமே கடைசியில் கூக்காட்டித் துரத்தியது. பதவியைத் துறந்து, நாட்டைவிட்டுப் போகிற வழியில், இன்னொருவர் வீட்டில் நோயாளியாகக் கிடந்து செத்தார். பிரேதத்துக்கு உடுத்தக் கிழியாத மேற்சட்டை, ஒரு சேட்டுக்கூட அவரிடம் இருக்கவில்லையாம். கூட இருந்த தளபதி ஒருவர் தன் சேட்டைக் கொடுத்தாராம்.

சேட்டு என்றவுடன் ரஞ்சினி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான், ஜெயச்சந்திரன். ஊரில் ஆயுத இயக்கங்கள் பலவாக இருந்து, ஒன்றை ஒன்று தின்னத் தொடங்கிய காலம். விடுதலை வேண்டுமென்று வீட்டைவிட்டுப் போனவனை, அதே விடுதலைக்கென்று போன வேறு இயக்கப் பொடியள் வீட்டுக்கு முன்னால் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். கழுத்தில் 'துரோகி' என்று எழுதிய மட்டை. மேலில் சேட்டு இல்லை. அந்தச் சின்னத் தெரு, அந்த ஒழுங்கையில் ஒரு வாசல் படலை திறக்கவேண்டுமே! முதல்நாள் வரைக்கும் தம்பி தம்பி என்று அவனைக் கடைக்கு அனுப்பிய பாவிச் சனம், யன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. எதிர்வீட்டு மனிதர் ஒருவர் மட்டும் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஞாயிறு பூசைக்குப் போடுகிற தன் வெள்ளைச் சேட்டைக் கொண்டுவந்து, தானே அவனுக்குப் போட்டுவிட்டார். அந்தச் சேட்டோடுதான் ஜெயச்சந்திரன் எரிந்தான். அந்த மனிதரின் மகள் டொறத்தி, ரஞ்சினியின் சிநேகிதி.

ஜேர்மனிக்கு வந்தபிறகு யார் கேட்டாலும் ரஞ்சினி, "எனக்குக் கூடப்பிறந்தவை இல்லை" என்றே சொல்லிவந்தாள். அவனைச் சுட்ட இயக்கத்துக்குத்தான் இங்கேயும் செல்வாக்கு; உண்மையைச் சொன்னால் இங்கேயும் படலைகள் மூடும் என்று அவளுக்குத் தெரியும். எசனில் அது தெரிந்த ஒரே ஆள் டொறத்தி. இரண்டு வீதி தள்ளி இருந்தாள். நாட்டை விட்டாலும் ஒழுங்கையை விடவில்லை என்று இருவரும் சொல்லிச் சிரிப்பார்கள்.

நாடகத்தின் கடைசிக் காட்சியை டொறத்தியின் குசினியில் வைத்துத்தான் ரஞ்சினி முதலில் வாசித்துக் காட்டினாள். தளபதி சேட்டைக் கழற்றிக் கொடுக்கிற இடம் வந்ததும் டொறத்தி வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு விம்மினாள்.

"இது எங்கட ஜெயண்ணையெல்லேடி!"

"உன்ர அப்பாவுந்தான். ஒரு நாளைக்கெண்டாலும் சனம் அவனுக்காக எழும்பி நிக்கவேணும், டொறத்தி. ஆருக்காக எண்டு தெரியாட்டிலும் பரவாயில்லை."

"ஒருத்தருக்கும் மூச்சுவிடமாட்டன். மாதாவாணை. ஆனா என்ர மதீசன்தான் பொலிவாரா நடிக்கவேணும், சொல்லிப்போட்டன்!"

சிநேகிதியின் மகனை விட்டு வேறு யாரை ரஞ்சினி நினைக்கப் போகிறாள்? அடுத்த நாளே கடைக்குப் போய் ஒரு வெள்ளைச் சேட்டு வாங்கினாள். ஒத்திகைகளுக்கு அதை எடுக்கவில்லை. மேடைக்கென்று அலுமாரியில் மடித்து வைத்தாள்.

உலகக் கிண்ணக் கால்பந்து முடிந்து, பல்கனிகளில் மறந்துவிட்ட கொடிகள் மழையில் வெளுத்துக்கொண்டிருந்த இலையுதிர் காலத்தில் ஆண்டு விழா வந்தது. மண்டபம் நிரம்பி, பிந்தி வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். நாடகம் தொடங்கியதும் சனம் தங்கள் ஊர்க்கதையை மறந்து, வாயில் கடித்த றோல்சோடு மேடையைப் பார்த்தது. மதீசன் வாளோடு வந்து நின்றால் சொல்ல வேலையில்லை, பொடியன் அப்படி நடித்தான். ரஞ்சினி சேட்டை நெஞ்சோடு அணைத்தபடி மேடையின் ஓரத்தில் நின்றாள். இன்னும் ஒரு காட்சி போனால் அண்ணனின் முறை.

அப்போதுதான் இராசலிங்கம் அண்ணை பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ரீச்சர், வெற்றியோட முடிப்பம். அந்தச் சாகிற சீன் வேண்டாம்."

"அதென்னண்ணை இப்ப வந்து சொல்லுறியள்? அதுக்காகத்தானே முழு நாடகமும்!"

"பேரிலேயே பொலிவார் எண்டு கிடக்கு. பொலியாமல் சாகிறதோ? சனம் எங்களைப் பிழையா விளங்கும்."

"அது நடந்த சரித்திரம், அண்ணை. ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொல்லேல்லை."

இராசலிங்கம் அண்ணையின் முகத்தில் பகிடி இல்லை. "இஞ்ச பாருங்கோ ரீச்சர். ஜெயச்சந்திரனுக்கு மேடை போட்டுக் குடுக்கிறதுக்கில்லை, இது எங்கட பிள்ளையளின்ர விழா. அவ்வளவுதான்."

அந்தப் பெயர் இந்த நாட்டில் ரஞ்சினியைத் தவிர ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. மதீசனுக்குத் தெரிந்தது அவள் எழுதிய முடிவு மட்டும்தானே? மூன்று மாதம் அவள்தானே பழக்கினாள்? பழக்கதோசத்திலாவது பொடியன் கட்டிலில் போய்ச் சரிந்துவிடுவான், சரிந்துவிட்டால் பிறகு யார் நிறுத்துவது என்று மேடையையே பார்த்தாள்.

மதீசன் சரியவில்லை. மேடையின் நடுவுக்கு வந்தான். வாளை உயர்த்தினான். தடுமாறாமல், மூச்சு வாங்காமல், அவள் எழுதாத வசனத்தைப் பேசினான்.

"நான் வீழேன்! என் பெயர் பொலிவார்! என் பின்னால் வருவோரும் பொலிவார்!"

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. விசில் வேறு! திரை விழுந்தது. அட, ஒரு நாளில் வருகிற வசனமா இது? டொறத்தி வீட்டில் வைத்து எத்தனை தரம் சொல்லிக் கொடுத்திருப்பாள்!

டொறத்தி மண்டபத்துக் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ரஞ்சினியைக் கண்டதும் தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தாள்.

"நீயோ சொன்னனி?"

டொறத்தி மற்றப் பெண்களைத் தேநீர்த் தட்டங்களோடு வெளியே அனுப்பினாள். "இயக்கத் தலைமையைக் குத்தித்தான் நீ எழுதினனி எண்டு இராசலிங்கம் அண்ணையாக்கள் கதைச்சவை, ரஞ்சி. இல்லை, அது தமையன்ர கதை எண்டு உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னனான்."

"சரி. காப்பாத்தினனி. பொடியனுக்குப் புது முடிவு பழக்கினதும் என்னைக் காப்பாத்தவோ?"

"எங்களுக்குக் கடை இருக்கடி. வாறது முழுக்கத் தமிழ்ச் சனம். உன்னோட சேர்த்து எங்களையும் தள்ளிவைச்சா நான் என்ன செய்யிறது? பிள்ளையும் ஆசைப்பட்டிட்டான்…"

"நேற்றும் என்ர வீட்டில இருந்து சாப்பிட்டனியேடி! சாப்பிட்டுக்கொண்டு, சேட்டை நல்லா அயர்ன் பண்ணு எண்டும் சொன்னனி!"

மண்டபத்தில் யாரோ ஒலிவாங்கியில் மதீசனின் பெயரைச் சொன்னார்கள். மறுபடியும் கைதட்டல் எழுந்தது. தாய் மனம் அல்லவா, டொறத்தியின் முகம் அவளையறியாமல் மலர்ந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள், ஆனால் ரஞ்சினி கண்டுவிட்டாள். கோபத்தைவிட அதுதான் அவளை உடைத்தது. அண்ணனை இரண்டாம் முறையும் கட்டிவைத்துவிட்டு வந்து நிற்கிற முகம் என்று அவளுக்குப் பட்டது. இந்தமுறை எதிர்வீடும் படலையைச் சாத்திவிட்டது.

அவள் சேட்டை எடுத்து டொறத்தியின் ஈரக் கையில் வைத்தாள்.

"என்னடி இது?"

"உங்கட வீட்டுச் சேட்டு."

"ஐயோ ரஞ்சி, அப்பா அதை ஒரு நாளும் திருப்பிக் கேக்கேல்லையே!"

"ஓம். அவர் கேக்கமாட்டார்," என்றாள் ரஞ்சினி. "அதுதான் உன்னட்டைத் தாறன்."