திரும்பாத தகடுகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு டர்போ செய்யும் ஒரு கம்பெனியில் கிறிஸ்டினா டெஸ்டிங் இன்ஜினியர். அவள் கணவன் எட்வர்ட் அங்கேயே புது ப்ராஜெக்டின் மேனேஜர். எட்வர்டின் அண்ணன் அந்தோணி, கம்பெனியின் சோதனைக் கார்களை ஓட்டும் டிரைவர். மாடியில் இவர்களும் சின்ன மகள் ஏஞ்சலும், கீழே அந்தோணியும் அவர் மனைவி ஆரோக்கியமேரியும். காலையில் கம்பெனிக்குப் போகும் மூன்று பேரும் ஒரே வண்டியில் கிளம்புவார்கள். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம் இப்படித் தலையெடுத்ததைத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்ரோல் காரில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி பாயாமல் ஒரு கணம் தயங்குமே, அந்தத் தயக்கத்தை ஒழிப்பதுதான் ப்ராஜெக்ட். டர்போவின் சக்கரம் சுழன்றால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்று போய் வண்டி பாயும். அந்தச் சக்கரத்தைச் சுழற்றுவது இன்ஜினிலிருந்து வரும் புகை. வண்டி மெதுவாகப் போகும்போது புகை குறைவு. சக்கரம் சோம்பிக் கிடக்கும். அதற்காகச் சக்கரத்தைச் சுற்றி ஒரு வளையத்தில் சின்னச் சின்னத் தகடுகளை வைத்திருந்தார்கள். புகை குறையும்போது தகடுகள் திரும்பி வழியைக் குறுக்கும். குழாய் வாயில் விரலை வைத்தால் தண்ணீர் பீய்ச்சுவதுபோல் புகை சீறிப்போய்ச் சக்கரத்தைச் சுழற்றும். வேகம் கூடினால் தகடுகள் விலகி வழிவிடும். டீசல் வண்டிகளில் இது பழைய சங்கதி. பெட்ரோல் புகையின் சூடுதான் வம்பு. ஆயிரம் டிகிரியைத் தொட்டுவிடும் அந்தச் சூட்டில் தகடுகள் வீங்கி, சில நேரம் வளையத்தோடு இறுகிக்கொண்டன.

சோதனை அறையில் அதை முதலில் பார்த்தவள் கிறிஸ்டினா. அன்று சாயங்காலம் சமையலறையில் வைத்தே எட்வர்டிடம் சொன்னாள்.

"ரொம்ப நேரம் வேகமா ஓட்டிட்டு ஸ்லோ பண்ணா தகடு திரும்ப மாட்டேங்குதுங்க. திறந்தபடியே நின்னுடுது. சூடு தாங்குற நிக்கல் வளையம் வரவழைச்சு மாட்டுற வரைக்கும் இனிமே வண்டிய ரோட்டுக்கு அனுப்பாதீங்க."

"அது வர்றதுக்குள்ள கார் கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க. எப்பவோ ஒரு தபா மாட்டுது. மாட்டினா இன்ஜினுக்கு இன்னா ஆவப்போவுது? பிக்கப் கம்மியாவும், அவ்ளோதான்."

"இன்ஜினுக்கு ஆவாது. ஓட்டுறவருக்கு?"

"ஓட்டுறது எங்கண்ணன். அவரு பாக்காத வண்டியா?" என்று சிரித்துவிட்டு அவன் தட்டை நீட்டினான்.

மறுநாள் காலை படியிறங்கும்போது அந்தோணியிடமும் சொன்னாள். "மாமா, ஓவர்டேக் பண்றப்ப பாத்துக்கோங்க. வண்டி இழுக்காம போனாலும் போவும்."

"நீ செஞ்ச வண்டிம்மா அது! காலை வெச்சா கழுத்து பின்னால போவுது. இந்த மாதிரி ஒரு வண்டி நான் ஓட்டினதே இல்ல." அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மேற்கொண்டு பயமுறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. கவனமாக ஓட்டத்தான் அவளால் சொல்ல முடிந்தது. ஆனால் அந்தக் கார் வாரக்கணக்கில் அவருக்கு வேறொன்றைப் பழக்கியிருந்தது. மிதித்தால் பாயும் என்று அவர் கால் நம்பிவிட்டது.

விபத்து பொன்னேரியைத் தாண்டி காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் சாலையில் நடந்தது. நெடுஞ்சாலையில் வெகுதூரம் விரட்டிவிட்டு, தச்சூரில் திரும்பி, அந்தோணி ஒரு கன்டெய்னர் லாரியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு தண்ணீர் லாரி தூரத்தில்தான் இருந்தது. வலப்பக்கம் ஏறி மிதித்தார். கார் பாயவில்லை. இன்ஜின் உறுமியது, வண்டி கன்டெய்னரின் பக்கத்திலேயே தேங்கி நின்றதுபோல் ஊர்ந்தது. பின்னால் ஒதுங்கலாம் என்று பார்த்தால் இன்னொரு லாரி வந்து இடத்தை அடைத்திருந்தது. தண்ணீர் லாரிக்காரன் முடிந்தவரை ஒதுங்கினான். அந்தோணி சாலையை விட்டுக் காரை இறக்கினார். ஓரத்தில் இருந்த சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர் காரின் முன்பக்கத்தை நசுக்கியது. அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது.

நினைவு தெளிந்து அவர் பேச ஆரம்பித்த நாளில் கிறிஸ்டினா ஃபிளாஸ்க்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரைக்கு அந்தப் பக்கம் எட்வர்டின் குரல் தணிந்து கேட்டது.

"வண்டிமேல தப்புன்னு வந்தா ப்ராஜெக்ட மூடிடுவாங்கண்ணா. என்னியும் தூக்கிடுவாங்க. நீ கான்ட்ராக்ட். உனக்கு அப்புறம் யாரு பேசுவா? அவசரப்பட்டு ஏறிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் உள்ள இருந்தாதான உனக்கு எதுனா பண்ண முடியும்?"

"நான் அவசரப்படலியே நைனா," என்றார் அந்தோணி.

"தெரியும்ண்ணா."

அந்தத் 'தெரியும்' காதில் விழுந்ததும் கிறிஸ்டினா திரையை விலக்காமல் நின்றுவிட்டாள். அவன் தெரியாமல் பேசியிருந்தால்கூட அவளால் அவனோடு சண்டை போட்டிருக்க முடியும்.

"சரி. சொல்லிடறேன்," என்றார் அந்தோணி.

வீட்டில் எட்வர்டிடம் அவள் அதைக் கேட்டபோது, "உனக்கு மட்டுந்தான் அவரு மேல அக்கறையா? அவரு என் ரத்தம்" என்றான். அதற்குப்பின் விசாரணை நாள்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

விசாரணையை நடத்தியவர் தொழிற்சாலைத் தலைவர் பராசரன். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்திலிருந்து வந்தவர், யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். நசுங்கிய காரிலிருந்து கழற்றிய டர்போவைக் கிறிஸ்டினா மேஜைமேல் வைத்தாள்.

"சார், இந்தக் கம்பியைத் தள்ளிப் பாருங்க. தகடுங்க திரும்பணும். திரும்பாது."

அவர் தள்ளிப் பார்த்தார். திரும்பவில்லை. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"மோதின அதிர்ச்சியில இறுகியிருக்கலாம் இல்லையாம்மா?"

"டெஸ்ட்லயும் இறுகிச்சு சார். நான் முன்னாடியே சொன்னேன்." அவள் எதிரே உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். "எட்வர்ட் சார், நான் உங்ககிட்ட சொன்னேனா இல்லையா?"

எட்வர்ட் அவளைப் பார்க்கவில்லை. "மேடம் நிறைய ரிஸ்க் சொன்னாங்க சார். டெஸ்டிங்ல அதெல்லாம் சகஜம்."

பராசரன் பெருமூச்சு விட்டார். "ஓட்டினவரே தன் தப்புதான்னு சொல்லியிருக்கார். அவர் பொய் சொல்றார்ங்கறீங்களா?"

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்தோணி மாமா அவள் கல்யாணத்தன்று மழையில் நனைந்துகொண்டே வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றவர்.

"ஆமா சார். பொய் சொல்றார்," என்றாள்.

அன்றே அந்தச் சொல் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆரோக்கியமேரி படிக்கட்டின் கீழே நின்றிருந்தாள்.

"கால் போனது எங்க ஊட்டுக்காரருக்கு. அவரப் பொய்யன்னு சொல்லி நீ இன்னா சம்பாரிச்ச?"

"அக்கா, அவரு மேல தப்பில்லன்னுதான்…"

"தப்பில்லன்னா கால் மொளைக்குமா? தம்பி ஏதோ வேல வாங்கித் தர்றேன்னு சொல்லிக்கினு இருந்துச்சு. அதுவும் போவட்டும்னு பாக்கிறியா?"

ஆரோக்கியமேரி கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிரைவரின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. சத்தமில்லாமல் நிக்கல் கலந்த வளையங்களுக்கு ஆர்டர் போனது. அவை வந்து பொருத்தியதும் தகடுகள் எத்தனை சூட்டிலும் வெண்ணெயில் கத்திபோல் திரும்பின. கார் கம்பெனிக்காரர்கள் வந்து ஓட்டிப் பார்த்தார்கள். பெட்ரோல் காரில் இப்படி ஒரு பிக்கப்பா என்று இறங்கும்போதே சிரித்தார்கள். பராசரன் எட்வர்டின் தோளில் தட்டினார். கிறிஸ்டினா டீசல் பிரிவுக்கு மாற்றல் கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றார்கள்.

எட்வர்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். செயற்கைக் காலோடு அந்தோணிக்குக் கம்பெனி வாசலில் வேலை கிடைத்தது. கார் வந்தால் தடுப்புக் கம்பியைத் தூக்கவேண்டும், போனால் இறக்கவேண்டும்.

ஒருநாள் வாசலில் யாருமில்லாத நேரத்தில் கிறிஸ்டினா அவரிடம் போய் நின்றாள். "மாமா, என்மேல கோவமா?"

அவர் கம்பியைப் பிடித்தபடியே யோசித்தார். "கோவந்தாம்மா. நீ சொன்னது நெசம். அத்த நீ சொல்லாம இருந்திருந்தா, நான் தம்பிக்காகச் செஞ்சேன்னு மனசுக்குள்ள வெச்சினு இருந்திருப்பேன். இப்ப எல்லாரு எதுரிலயும் பொய்யனாயிட்டேன்." பிறகு அவரே, "போம்மா, வெயில்ல நிக்காத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். எட்வர்ட் அண்ணனின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக இறக்கினான். சபையில் மூத்தவரான தாவீது அதைப் பார்த்துக் கண்கலங்கினார்.

"இந்தக் காலத்துல கூடப்பொறந்தவன இப்படித் தாங்குறவன் யாரு? ஆண்டவரு உன்னிய ஆசீர்வதிப்பாரு எட்வர்ட்."

"என் அண்ணன் இல்லியா," என்றான் எட்வர்ட். அவன் குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை என்பது கிறிஸ்டினாவுக்குத் தெரிந்தது. அவனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். அந்தோணி கீழே பார்த்தபடி அடுத்த படியைத் தேடிக்கொண்டிருந்தார்.

தாவீது அவள் பக்கம் திரும்பினார். "குடுத்து வெச்சவம்மா நீ."

கிறிஸ்டினா தலையாட்டினாள். மகள் ஏஞ்சலின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களை முந்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.