பீலியடியில் சின்னதொரை

கொட்டகலை ஸ்டேஷனில் வந்து இறங்கிய டின்களைத் தேயிலைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, அதற்குள் என்ன இருக்கிறது என்று அழகுமுத்துவுக்குத் தெரியாது. அவன் தோட்டத்துத் தச்சு பாஸ். தொழிலாளர் லயத்துக் கதவோ பங்களா நாற்காலியோ, மரமாக இருந்தால் போதும், அவன் கைக்குப் பணிந்துவிடும். டின்னைத் திறந்தபோது இருந்ததோ தேன் நிறத்தில் ஒரு கொழகொழப்பு. மூக்கைத் துளைக்கும் நாற்றம். கூடவே சாக்குக்குள் சுருட்டிவைத்த வெள்ளைப் பாய் ஒன்று. பார்த்தால் பஞ்சு, தடவினால் முள்.

"இது கண்ணாடி, அழகுமுத்து. கண்ணாடிய நூலா இழுத்துப் பாயாக்கியிருக்கான்," என்றார் சின்னதொரை.

அழகுமுத்து நம்பவில்லை. ஓரத்தைப் பிய்த்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தான். அரித்தது. அப்புறம் நம்பினான்.

தோட்டத்தை நடத்தும் பெரிய தொரைக்கு உதவியாக வந்த சின்னதொரை கொழும்புக்காரர், சிங்களவர். தோட்டத்துக்கு வந்து ஒரு வருஷத்துக்குள் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நின்று தமிழில் ஏசுகிற அளவுக்குப் பழகிவிட்டவர். வெள்ளைக்காரத் தொரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஒரு பழைய மரப்படகு அவரிடம் இருந்தது. தண்ணீரில் இறக்கினால் அத்தனை பொருத்திலும் ஒழுகும். அதன் மேல் இந்தப் பாயைப் போர்த்தி, டின்னிலிருந்த அந்த ரெசினைப் பூசி, அணைக்கட்டுத் தண்ணீரில் ஓட்ட வேண்டுமென்பது அவர் ஆசை. இந்த வேலையை அவரும் செய்து பார்த்ததில்லை. புத்தகத்தில் படித்ததுதான்.

"பாலுக்கு உறை ஊத்துற மாதிரி," என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் போத்தலை உயர்த்திக் காட்டினார். "ரெசின்ல இந்த மருந்தச் சொட்டுச் சொட்டா விட்டுக் கலக்கணும். அப்பதான் இறுகும். ஆனா இது பொல்லாதது. கண்ணுல பட்டுச்சுன்னா பார்வ போயிரும். பட்டா உடனே ஓடுற தண்ணியில கண்ணக் காட்டணும். வலிக்கும், வேணாம்னு தோணும். கால் மணி நேரத்துக்கு விடவே கூடாது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு தொரை."

இரண்டு பேரும் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த பழைய கொட்டகையில் படகைக் கவிழ்த்துப்போட்டு வேலையைத் தொடங்கினார்கள். முதல் நாள் பாயை வெட்டியதற்கே உடம்பெல்லாம் அரிப்பு. அந்தச் சட்டையை அவன் மனைவி மீனம்மா பிள்ளையின் துணிகளோடு சேர்த்துத் துவைத்துவிட, வீடே விடிய விடியச் சொறிந்துகொண்டிருந்தது. "என்னத்தங்க கொண்டாந்தீங்க வீட்டுக்குள்ள?" என்று அவள் கேட்டாள். "கண்ணாடி," என்றான். அவள் அவனை ஏறஇறங்கப் பார்த்தாள்.

பூசிய ரெசினும் இறுகவில்லை. மறுநாள் தொட்டுப் பார்த்தால் பலாப்பால் மாதிரி விரலில் ஒட்டியது. மூன்றாம் நாளும் அப்படியேதான். மலையெல்லாம் பனிமூட்டம், விடாத தூறல். சின்னதொரை புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "குளிர்தான் காரணம். சூடு வேணும்," என்றார். டின்களையும் மருந்துப் போத்தலையும் ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் அடுப்புச் சுவரோரம் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அழகுமுத்து வைத்தான். அது சரியா தப்பா என்று நினைத்துப் பார்க்க இருவருக்குமே தெரியவில்லை. குளிர்ந்தால் இறுகாது, சூடானால் இறுகும். அவ்வளவுதான் அவர்கள் அறிந்த கணக்கு.

அடுத்த நாள் மத்தியானம் ரெசினைத் தகரக் குவளையில் ஊற்றி வைத்துக்கொண்டு, சின்னதொரை போத்தலைக் கையில் எடுத்தார். கண்ணுக்குப் போட்டிருந்த கண்ணாடியில் மூச்சுப் பட்டுப் புகைபடிந்ததால் அதை நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தார். போத்தலின் வயிறு கொஞ்சம் உப்பியிருந்ததை அழகுமுத்து கண்டான். கேட்கலாமா என்று நினைப்பதற்குள் அவர் மூடியைத் திருகிவிட்டார்.

'புஸ்'ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். போத்தல் கீழே விழுந்தது. சின்னதொரை இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மடங்கினார்.

ஒரு மனிதன் அப்படி அலறி அழகுமுத்து கேட்டதில்லை. அதுவும் ஒரு தொரை. பிறகு எங்கிருந்தோ அவர் சொன்னதே அவனுக்குள் கேட்டது. ஓடுகிற தண்ணீர்.

கொட்டகைக்குக் கீழே சரிவில் லயத்துப் பீலி. மலையிலிருந்து தகரத் தகட்டின் வழியாகத் தண்ணீர் இரவும் பகலும் கொட்டும் இடம். அழகுமுத்து அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். அவர் உதறினார். மறு கையால் இடுப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். வழுக்கி இருவரும் விழுந்து எழுந்தார்கள்.

பீலியடியில், காலையில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். மீனம்மாவும் அங்கேதான் இருந்தாள். சேறும் சகதியுமாக வந்து விழுந்த தன் புருஷன் தொரையின் பிடரியை அழுத்தித் தண்ணீருக்குள் கொடுப்பதை அவள் பார்த்தாள். குடங்களைப் போட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கினார்கள். சின்னதொரை மூச்சுத் திணறி, "விடு, விடு," என்று கத்தினார். சிங்களத்தில் ஏசினார். அழகுமுத்து விடவில்லை.

சத்தம் கேட்டு, ஆட்களிடம் வேலை வாங்கும் மாயாண்டி கங்காணி மேலேயிருந்து ஓடிவந்தார். "தொரை மேலயாடா கைய வைக்கிற?" என்றவர் கையிலிருந்த கம்பை அவன் முதுகில் இறக்கினார். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. அழகுமுத்து வலியில் வளைந்தானே தவிரப் பிடியைத் தளர்த்தவில்லை.

"கண்ணுல மருந்து," என்றான். "கண்ணுல மருந்து."

அது முதலில் புரிந்தது மீனம்மாவுக்குத்தான். கங்காணியின் கம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெண் தன் கம்பைப் பிடிப்பாள் என்று நினைத்தே பார்த்திராத கங்காணி அப்படியே நின்றுவிட்டார். அவள் கம்பை விட்டு, குனிந்து, தொரையின் முகத்தில் அப்பியிருந்த விரல்களைப் பிரித்தாள். "மூடிக்கிட்டிருந்தா எப்புடிங்க தொரை? தொறங்க," என்று, கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் இமையை மேலும் கீழுமாக விரித்துப் பிடித்தாள். உள்ளே கண் இரத்தமாகச் சிவந்திருந்தது. பீலித் தண்ணீர் அதன் மேல் விழுந்தபடி இருந்தது. குளிரில் அவள் விரல்கள் மரத்துப்போன பிறகும் இருவரும் விடவில்லை. கடைசியில் சின்னதொரையே திமிறுவதை நிறுத்தி, பிள்ளைபோல நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

லொறி வந்து அவரை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. மாலையில் பெரிய தொரையிடமிருந்து ஆள் வந்தது. விசாரணை முடியும்வரை அழகுமுத்துவுக்கு வேலையில்லை.

அவன் லயத்தில் தன் வீடான காம்பராவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முதுகில் கம்பு பட்ட இடம் தடித்திருந்தது. அது அவனுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். தொரை வரும்போது ஓரமாக விலகி நிற்கிற கூட்டத்தில் பிறந்தவன் அவன். இந்தக் கை ஒரு தொரையின் பிடரியை அமுக்கியிருக்கிறது. அவர் கெஞ்சியும் விடவில்லை. எப்படி நடந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசல் வரை வந்து, உள்ளே வராமல் திரும்பினார்கள். அட்டனிலிருந்து பொலிஸ் வருமென்று யாரோ சொன்னார்கள்.

"நீ ஏன் புள்ள வந்து கைய வச்ச?" என்று மீனம்மாவைக் கேட்டான்.

"தெரியலங்க," என்றாள். "கண்ணு அப்புடிச் செவந்திருந்துச்சு."

பொலிஸ் வரவில்லை. நாலைந்து நாள் கழித்துச் சின்னதொரைதான் வந்தார். கண்ணில் கட்டோடு லயத்து வாசலில் வந்து நின்றார். லயமே வெளியே வந்து பார்த்தது. அழகுமுத்து எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தான்.

"நான் விடச் சொன்னேன் இல்லியா?" என்றார்.

"சொன்னீங்க தொரை."

"அப்ப ஏன் விடல?"

"மொதல்ல நீங்கதானே விடவே கூடாதுன்னு சொன்னீங்க."

சின்னதொரை கண்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தண்ணி படாட்டி கண்ணு போயிருக்கும்னு டாக்டர் சொல்றார்," என்றார் அவர். "இப்பவும் கொஞ்சம் மங்கல்தான். பெரிய தொரைகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு வேலைக்கு வா." மீனம்மா பக்கம் திரும்பினார். தலையை அசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கங்காணி அவனிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பெரட்டில் அவனைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்.

வெயில் அடித்த ஒரு நாளில் மறுபடியும் படகுக்குப் போனார்கள். புதுப் போத்தல், நிழலில் வைத்தது. சின்னதொரை அதை முகத்துக்கு எட்டாத தூரத்தில் கை நீட்டிப் பிடித்து, தலையைத் திருப்பிக்கொண்டு மூடியைத் திருகினார். இடது கண் இன்னும் மங்கலாக இருக்க, ஒற்றைக் கண்ணால் சொட்டு எங்கே விழுகிறதென்று பிடிபடாமல் அவர் தடுமாற, அழகுமுத்து போத்தலைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டான்.

இந்த முறை ரெசின் இறுகியது. பொழுது சாய்வதற்குள் விரலால் தட்டினால் 'டக் டக்' என்றது. பஞ்சும் பசையுமாக இருந்தது பலகையைவிடக் கெட்டியாகிக் கிடப்பதை நம்ப முடியாமல், அழகுமுத்து மறுபடியும் மறுபடியும் தட்டிப் பார்த்துக்கொண்டே நின்றான்.