பாதி அகலத்தில் ஒரு வீடு

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நடந்தது விளங்கும். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே எங்கள் ஊர். என் மச்சினன் சித்தீக் துபாயில் வேலை பார்த்துக்கொண்டே ஊரில் வீடு கட்டினான். மேற்பார்வை அடியேன், மீரா உசேன். கொத்தனார் வீரையன். கிழக்கே ஒட்டினாற்போல வைத்தியலிங்கம் அண்ணனின் மனை. அவர் வீடு, மாட்டுக்கொட்டகை, போர் மோட்டார் எல்லாம் அதில்தான். எங்கள் கட்டட வேலைக்குத் தண்ணீரும் அந்த மோட்டாரிலிருந்துதான்.

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும். அதனால் புது வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் பேஸ்மட்டத்தை உயர்த்துவார்கள். அடுத்தவரைவிட ஒரு சாணாவது கூடுதலாக உயர்த்துவார்கள். சித்தீக் வீடு தெருவிலேயே உயரம். அதில் அவன் மனைவி ஹுமைராவுக்குப் பெருமை தாங்காது.

இது 2004ல் நடந்தது. வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று நான் சித்தீக்குக்கு வாரம் தவறாமல் கடிதம் எழுதிவந்தேன். அது போதவில்லை போலிருக்கிறது. ஊருக்கு வந்த ஒருவரிடம் டிஜிட்டல் கேமரா கொடுத்தனுப்பி, "போட்டோ எடுத்து மெயில்ல அனுப்புங்க மச்சான்" என்று போனில் உத்தரவு போட்டான்.

நான் வாசலில் நின்றேன். ஹுமைரா எடுத்தாள். இருவரும் பட்டுக்கோட்டையில் சிங்காரவேலுவின் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். படம் நகரவே இல்லை. பாதி ஏறும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து.

"படம் ரொம்பப் பெருசும்மா. சின்னதாக்கித்தான் அனுப்பணும்" என்ற சிங்காரவேலு, திரையில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து வைத்தார். அதில் இரண்டு கட்டங்கள், அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. "ரெண்டுலயும் நூறை அழிச்சுட்டு ஐம்பதுன்னு போடுங்க" என்று சொல்லிவிட்டு, பரீட்சை முடிவு பார்க்க வந்த கூட்டத்திடம் போய்விட்டார். ஹுமைரா தட்டினாள். முக்கி முனகி ஒருவழியாகப் படம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் போன் வந்தது.

"மச்சான், வீட்டோட அகலம் எங்கே?"

"அங்கதான் இருக்கு. எங்க போகும்?"

"முருங்கைக்காய் மாதிரில்ல நிக்குது! நீங்க வேற எலும்பும் தோலுமா நிக்கிறீங்க. எதையோ மனசுல வச்சுக்கிட்டு உருகிப் போயிருக்கீங்க. எங்கிட்ட மறைக்காதீங்க."

"எனக்கு என்னடா? மூணு வேளையும் நல்லாத்தான் சாப்பிடுறேன்."

"வைத்தியலிங்கம் மாமா எடத்தைத் தள்ளிட்டாரா? அதைச் சொல்ல முடியாமத்தான் இளைச்சுட்டீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் லைனை வைத்துவிட்டான். அடுத்த நிமிஷம் வைத்தியலிங்கம் அண்ணன் வீட்டில் போன் அடித்தது. "எங்க மனையில பாதி எங்கே மாமா?" என்று அவரிடமே கேட்டிருக்கிறான்.

அவர் வேலியோரம் வந்து நின்றார். "ஏன் பாய், உங்க மனையை நான் மடியில கட்டிக்கிட்டா வந்துருக்கேன்?"

மோட்டார் நின்றது. மறுவாரம் தளம் போட வேண்டும். தண்ணீர் இல்லாமல் எப்படிப் போடுவது?

ஹுமைராவை உட்காரவைத்து விசாரித்தேன். "ரெண்டு கட்டத்துலயும் ஐம்பது போட்டியா?"

"அகலத்துல போட்டேன் அண்ணே. உயரத்துல கை வைக்கலை."

"ஏன்?"

"கஷ்டப்பட்டு ஒசத்துன வீடு. நம்ம கையாலயே யாராவது குறைப்பாங்களா?"

படத்தில் அகலம் மட்டும் பாதியானதால்தான் வீடும் நானும் ஒல்லியாகத் தெரிந்தோம் என்று சித்தீக்குக்குப் போன் போட்டு விளக்கினேன். அவன் வெட்கப்பட்டான். வைத்தியலிங்கம் அண்ணனிடம் போய், படத்தில்தான் கோளாறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"படம்தானே தப்பு? அளவு சரியா இருக்கும்ல? அளந்துருவோம்" என்றார். "நாளைக்கு இன்னொரு போட்டோ போய், நான் மீதியையும் தின்னுட்டேன்னு வரக்கூடாது பாருங்க."

மறுத்தால் சந்தேகம் எங்கள் பக்கம் திரும்பும். சரி என்றேன்.

சர்வேயர் வந்தார். புல வரைபடத்தை விரித்தார். எல்லைக்கல்லைத் தேடித் தோண்டினார். சங்கிலி பிடித்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. இந்த முனையில் ஒரு தடவை, அந்த முனையில் ஒரு தடவை அளந்துவிட்டு எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"வைத்தியலிங்கம் யாரோட எடத்தையும் எடுத்துக்கலைங்க. பாய் வீட்டுச் செவுருதான் முக்கால் அடி அவர் எடத்துல நிக்குது."

வீரையன் நூல் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இடிக்கச் சொன்னா இடிக்கணும், இல்ல பாய்?" வைத்தியலிங்கம் அண்ணன் நிதானமாகக் கேட்டார்.

"இடிக்கணும்தாண்ணே" என்றேன். ஹுமைரா முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சித்தீக் ஏழு வருஷமாக ஊருக்கே வராமல் எழுப்பிய வீடு அது.

அப்போது வைத்தியலிங்கம் அண்ணனின் மனைவி பிரகதாம்பாள் அக்கா வந்து சுவரைத் தடவினார். அண்ணாந்து வெயிலைப் பார்த்தார்.

"இதை ஏன் இடிக்கணும்? நம்ம மண்ணுல நின்னா இந்தப் பக்கம் நம்ம செவுரு. வரட்டி தட்ட எடமில்லாம சாக்குல தட்டிக்கிட்டுக் கெடக்கேன். காலை வெயில் என்னமா விழுது!"

வைத்தியலிங்கம் அண்ணன் மீசையைத் தடவினார். "துபாய்த் தம்பி ஒத்துக்குமா? கேளுங்க."

சித்தீக்கைப் போனில் கேட்டேன்.

"அந்தப் பக்கம் டைல்ஸ் ஒட்டலாம்னு இருந்தேன் மச்சான்."

"வரட்டி ஒட்டப் போறாங்க."

ஐ.எஸ்.டி. காசு ஓடுகிறதே என்று எனக்குத்தான் பதறியது.

"இடிக்கட்டுமா, தட்டட்டுமா? சீக்கிரம் சொல்லு."

"தட்டச் சொல்லுங்க" என்றான்.

சாயங்காலமே மோட்டார் ஓடியது. தளம் போட்டோம். நாலு பக்கமும் பூச்சு முடிந்த மூன்றாம் நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பிரகதாம்பாள் அக்காவின் குரல்.

"ஏம்மா ஹுமைரா! உங்க கொத்தனாரு செவுத்தைக் கண்ணாடியாட்டம் தேச்சு வச்சுருக்காரு. தட்டுன வரட்டியெல்லாம் வழுக்கிக் கீழே வந்துருது. கொஞ்சம் சொரசொரப்பாப் பூசித் தரச் சொல்லேன்."

வீரையன் கரணையும் கையுமாக என்னைப் பார்த்தார். "துபாய்க்காரரு நாலு பக்கமும் வழவழன்னு இருக்கணும்னாரே?"

"மூணு பக்கம்தான் துபாய். இது அக்கா பக்கம்" என்றேன். "கொத்திவிட்டுப் பூசுங்க."