ஆறுதான் வேணும்

சிறிதரன் ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில் வந்தவர். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். கேட்காதவர்களுக்கும் சொல்வார், ஜன்னலோர இருக்கை கிடைத்ததையும் சேர்த்து. அதை முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. கிறிஸ்மஸ் தீவிலிருந்து மெல்பேர்னுக்கு அவரையும் மனைவி பவளத்தையும் மகள் வினுஷாவையும் அரசாங்கம் விமானத்தில்தான் ஏற்றி வந்து இறக்கியது. அந்தத் தீவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று எவராவது அடுத்த கேள்வியைக் கேட்டால் மட்டும் மனிதருக்குக் காது சட்டென்று மந்தமாகிவிடும்.

மீன்பிடிப் படகு. அறுபத்தெட்டுப் பேர். இருபத்திரண்டு நாள். அவ்வளவுதான் விஷயம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் கேட்கலாம். ஆனால் வந்த புதிதில் ஸ்பிரிங்வேலில் ஒரு மரக்கறிக் கடை வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற நம்மவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் காதில், "உவையள் போட் ஆக்கள்" என்றார். உரக்கச் சொல்லியிருந்தால்கூட சிறிதரன் பொறுத்திருப்பார். அந்த மனிதர் குரலைத் தாழ்த்தியதுதான் அவரைச் சுட்டது. கத்தரிக்காயை வைத்துவிட்டு வெளியே வந்தவர், அன்றிலிருந்து விமானப் பயணி ஆகிவிட்டார்.

பதினைந்து வருடம் இந்தக் கதை சேதாரமில்லாமல் ஓடியது. இப்போது வினுஷாவுக்கு இருபத்தேழு வயது. அவளுக்குப் பிடித்த பையன் சஞ்சீவ், சிட்னியில் பிளாக்டவுன்காரன். கோயம்புத்தூரிலிருந்து வந்த குடும்பம். தகப்பன் செந்தில்நாதன் ரயில்வே சிக்னல் எஞ்சினியர், தாய் திலகவதி பள்ளிக்கூடத்து ஆசிரியை. படித்த, பதவிசான மனிதர்கள். தாங்கள் வந்த வழி தெரிந்தால் இவர்களும் குரலைத் தாழ்த்திவிடுவார்களோ, மகளின் கல்யாணம் அதோடு நின்றுவிடுமோ என்பதுதான் சிறிதரனின் ஒரே பயம். படகைப் பற்றி வாய் திறக்கக்கூடாதென்று வினுஷாவிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். அவள் கண்ணை உருட்டிக்கொண்டு செய்துகொடுத்தாள்.

முதல் சந்திப்பை யார் வீட்டில் வைப்பது என்று இரண்டு வாரம் இழுபட்டது. கடைசியில் சஞ்சீவ் ஒரு யோசனை சொன்னான். சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும் நடுவில், ஈஸ்டர் விடுமுறைக்கு, தண்ணீர்க் கரையாகப் பார்த்து, கூடாரம் போட்டு ஒரு காம்பிங்.

"தறப்பாளுக்குக் கீழையோ?" என்றார் பவளம். "வன்னியிலை தறப்பாளுக்குக் கீழை இருந்தது காணாதெண்டு, இஞ்சை காசு குடுத்து வேறை இருக்கோணுமோ? அதுவும் சம்பந்தியளோடை?"

"அம்மா, இட்ஸ் ஃபன்" என்றாள் வினுஷா.

இடம் தேடும் வேலையைச் செந்தில்நாதன் தானாகவே தலையில் போட்டுக்கொண்டார். ரயில் விடுகிற மனிதர் அல்லவா. நாலு ஏரிக்கரை, மூன்று ஆற்றங்கரை என்று அட்டவணை போட்டு, நிழல், சம தரை, டாய்லெட்டுக்கு எத்தனை மீட்டர், ஃபோன் சிக்னலுக்கு எத்தனை கோடு, பாம்பு உண்டா என்று கட்டம் கட்டமாக நிரப்பி அனுப்பினார். பவளம் அதில் டாய்லெட் கட்டத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.

சிறிதரனுக்கு அதெல்லாம் தேவையில்லை. அவர் மனதில் இருந்தது ஒன்றுதான்: அக்கரை தெரிய வேண்டும். அக்கரை தெரியாத தண்ணீரைக் கண்டால் அவருக்கு இன்றைக்கும் முகம் வெளிறும், கை எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனால் கார் தரிப்பிடத்திலேயே இருந்து கச்சான் கடலை கொறிப்பார். ஏரிக்கரையில் இரண்டு நாள் அப்படி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தால் சம்பந்தி ஏன் என்று கேட்காமல் விடுவாரா? ஆறு என்றால் பயமில்லை. இந்தக் கரையில் நின்று அந்தக் கரை மாட்டை எண்ணலாம்.

"ஆறே இல்லாத யாழ்ப்பாணத்திலை பிறந்த மனுசனுக்கு ஆறுதான் வேணுமாம்" என்று பவளம் நக்கலடித்தார். ஏன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் அதற்குமேல் சொல்லவில்லை.

செந்தில்நாதன் ஃபோனில் அழைத்தபோது சிறிதரன் டான்டினோங்கில் தான் வேலை செய்யும் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட்டுகளுக்கு நடுவே நின்றார். ஒரு வண்டி பின்னால் வந்து பீப் பீப் என்று கத்தியது.

"சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? ஏரிக்கரையில..." பீப். "...நாலு, ஆறு, ஒன்பது, மூணும் காலியா இருக்கு." பீப் பீப். "உங்களுக்கு எது வேணும்?"

சிறிதரனின் காதில் விழுந்தது ஏரி, ஆறு, எது வேணும் என்பவை மட்டும். காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதிலை அவர் அப்படியே எடுத்துவிட்டார்.

"ஆறு. எங்களுக்கு ஆறுதான் அண்ணை வேணும்."

"ஆறா? ஒன்பது இன்னும் அழகா இருக்குமே!"

ஒன்பது என்பதை வண்டி விழுங்கிவிட்டது. "அழகு கிடக்கட்டும் அண்ணை. ஆறெண்டால் நல்லது."

"கரெக்ட்! ஆறு சுக்கிரன் ஆச்சே. கல்யாணக் காரியத்துக்கு அதுதான் பொருத்தம். போட்டுடறேன்."

ஆற்றுக்கும் சுக்கிரனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிறிதரனுக்கு விளங்கவில்லை. தமிழ்நாட்டு ஆட்கள் ஆற்றைக் கும்பிடுகிறவர்கள், ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. வீட்டுக்குப் போகிற வழியில் சம்பந்திக்கென்று ஒரு கிலோ முந்திரிப்பருப்புக்கூட வாங்கினார்.

பெரிய வெள்ளிக்கிழமை காலை வினுஷாதான் கார் ஓட்டினாள். மூன்றரை மணி நேரம். பிரதான வீதியிலிருந்து திரும்பிய இடத்தில் ஒரு பலகை நின்றது. அதில் ஏரியின் பெயரும், கீழே ஒரு படகின் படமும் இருந்தன.

"பிள்ளை, பாதை மாறிட்டுது" என்றார் சிறிதரன்.

"நோ அப்பா. இட்ஸ் எ லேக். யூ பிக்ட் இட்."

"நானோ?"

"சைட் நம்பர் சிக்ஸ். அங்கிள் சொன்னார், நீங்கள் ஆறுதான் வேணுமெண்டு அடம் பிடிச்சனீங்களாம்."

பின் இருக்கையில் இருந்த பவளத்துக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கணவரின் கழுத்தைப் பார்த்தார். வியர்த்திருந்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டு தோளில் கை வைத்தார்.

"திரும்பிப் போவமோ?" என்றார் மெதுவாக.

"சும்மா இரப்பா. சம்பந்தி நிக்கிறார்" என்றார் சிறிதரன் மனைவியிடம்.

சம்பந்தி நின்றார்தான். மேட்டின் மேல், செம்மஞ்சள் நிற உயிர்காப்பு மேலங்கி ஒன்றை மார்பில் இறுக்கி மாட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, வாடிப்போன முகத்தோடு நின்றார். காலடியில் இன்னும் ஐந்து மேலங்கிகள் கிடந்தன. சிறிதரன் கார்க் கதவைப் பிடித்தபடியே இறங்கி, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, ஏரி இருக்க வேண்டிய பக்கம் பார்த்தார்.

ஏரி இல்லை.

கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்லும் வெடித்த சேறும்தான். படகு இறக்கும் கொங்கிரீட் சரிவு நேராகப் போய்ப் புல்லுக்குள் முடிந்தது. அதன் நுனியில் இரண்டு மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"மன்னிச்சுக்கோங்க சம்பந்தி" என்றார் செந்தில்நாதன். "வெப்சைட்ல கால்மாட்டுலயே தண்ணி இருந்துச்சு. இந்த வருஷம் மழை இல்லையாம். என் டேபிள்ல எல்லாக் கட்டமும் போட்டேன். தண்ணி இருக்கான்னு ஒரு கட்டம் போடலை!"

சிறிதரனுக்கு அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது. "அதுக்கென்ன அண்ணை, நல்ல இடம், நல்ல காத்து" என்று மாடுகளைப் பார்த்துச் சிரித்தார். திலகவதி பவளத்தின் கையைப் பிடித்து அழைத்துப்போனார். சஞ்சீவ் கூடாரத்தை இறக்கினான். எல்லாம் சுபமாக முடிந்திருக்கும், செந்தில்நாதன் சும்மா இருந்திருந்தால்.

"ஆனா நான் விடமாட்டேன்" என்றார் அவர். "உங்களுக்கு சர்ப்ரைஸா ஒரு போட் புக் பண்ணியிருந்தேன். அந்த ஆளுகிட்ட பேசிட்டேன். நாப்பது கிலோமீட்டர்ல இன்னொரு ஏரி. கடல் மாதிரி இருக்குமாம், அக்கரையே தெரியாதாம்! போட்டை அங்க கொண்டாந்து தர்றேங்கறான். நாம ஆறு பேர், ஆறு ஜாக்கெட். நான் ஃபோன் போட்டு சரின்னு சொல்லணும், அவ்வளவுதான்."

சிறிதரனின் கை தானாகவே கூடாரக் கம்பியைப் பிடித்தது. "எனக்கு நாரி நோகுது அண்ணை" என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"போட்ல சாஞ்சு உக்காரலாம்."

"போட் ஆடினால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்."

"மாத்திரை இருக்கு." மனிதர் மாத்திரைக்கும் கட்டம் போட்டிருந்தார்.

வேறு வழி தெரியாமல் சிறிதரன் வாயில் வந்ததைச் சொன்னார். "அண்ணை, எனக்குச் சாதகத்திலை தண்ணியிலை கண்டம்."

செந்தில்நாதன் உடனே அடங்கிவிட்டார். ஆனால் ஃப்ளாஸ்கைத் திறந்துகொண்டிருந்த திலகவதி நிமிர்ந்தார். "கண்டமா?"

சஞ்சீவ் வினுஷாவிடம் குனிந்து, "கண்டம்னா காண்டினென்ட்தானே? அங்கிளுக்குத் தண்ணிக்குள்ள காண்டினென்ட் இருக்கா?" என்று கேட்டான். அவள் அவன் காலை மிதித்தாள்.

"அப்பாவுக்குத் தண்ணியில கண்டம்னா பொண்ணுக்கும் வரும்னு எங்க ஜோசியர் சொல்லுவாரு" என்றார் திலகவதி. குரலில் பதட்டம். "இவன் வேற வாரம் தவறாம கடலுக்குப் போறவன். தப்பா நினைச்சுக்காதீங்க, வினுஷா ஜாதகத்தை இன்னொரு தடவை பாத்துட்டு அப்புறமா தேதி வைக்கலாமா?"

வினுஷா தகப்பனைப் பார்த்தாள். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. வெறுமனே பார்த்தாள். படகில் எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ தண்ணீர்ப் போத்தல் முடிந்தபோதும் அவள் அப்படித்தான் பார்த்தாள். இந்தப் பிள்ளையை அத்தனை தூரம் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஒரு பொய்க்காக நடுவழியில் விடுவதா என்று சிறிதரனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"அக்கா, கண்டம் ஒண்டும் இல்லை" என்றார். "நான் சொன்னது பொய். பிள்ளையின்ரை சாதகம் பத்தரைமாற்றுத் தங்கம். நாங்கள் போட்டிலை வந்தனாங்கள். இருபத்திரண்டு நாள் கடலிலை. அதுக்குப் பிறகு எனக்குக் கரை தெரியாத தண்ணி ஏலாது. உங்களுக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பியளோ எண்டு மறைச்சுப்போட்டன். பிளேன் எண்டு சொன்னது பிறகு தீவிலையிருந்து வந்தது."

"ஜன்னல் சீற் எண்டதும் பொய்" என்றார் பவளம். "நடுச் சீற்."

சிறிதரன் அந்தத் தாழ்ந்த குரலுக்காகக் காத்திருந்தார். செந்தில்நாதன் தன் மேலங்கியைக் கழற்ற முயன்றார். அவருக்கு அதை மாட்டிக்கொண்டு நிற்கவே கூச்சமாகிவிட்டது போலும். கொக்கி சிக்கிக்கொண்டது. சஞ்சீவ் போய் உதவினான்.

திலகவதி வினுஷாவிடம் போனார். "உனக்கு அப்ப என்னம்மா வயசு?"

"பன்னிரண்டு அன்ரி."

அவளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். பிறகு, தாழ்த்தாமல், வகுப்பறைக்கே கேட்கும் குரலில், "அப்புறம் என்ன கண்டம் வேண்டிக்கிடக்கு? அதான் தாண்டியாச்சே! ஆடி பொறக்கறதுக்குள்ள தேதியை வைங்க" என்றார்.

சிறிதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினைந்து வருடம் சுமந்ததை இப்படி ஒரு நிமிடத்தில் இறக்கி வைக்கலாம் என்று முன்னமே தெரிந்திருந்தால், அன்றைக்கு அந்தக் கத்தரிக்காயையாவது வாங்கியிருப்பார்.

"அப்ப ஃபோன்ல நீங்க ஆறுன்னு சொன்னது?" என்றார் செந்தில்நாதன், மேலங்கியிலிருந்து விடுபட்டு.

"ஓடுற ஆறு அண்ணை."

"நான் நம்பர்னுல்ல நினைச்சேன்!"

"அதுதான் சுக்கிரன் எண்டனீங்களோ? நான் உங்கடை ஊர் ஆத்துக்கு ஏதோ விசேஷம் எண்டு நினைச்சன்."

அப்போதுதான் இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த செந்தில்நாதன் புல்வெளியின் நடுவே கையை நீட்டினார். தூரத்தில் ஒன்று மினுங்கி வளைந்து போனது. "அது என்னன்னு நினைக்கிறீங்க? அணை கட்டறதுக்கு முன்னாடி இங்க ஓடின ஆறு. ஏரி வத்தினதும் வெளிய வந்துருச்சு." எஞ்சினியருக்கு இழந்த மதிப்பு கொஞ்சம் திரும்பி வந்தது.

ஆறு பேரும் ஆறு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கி நடந்தார்கள். அரைக் கிலோமீட்டர். சேற்றில் பவளத்தின் செருப்பு ஒன்று போனது. ஆறு அகலமில்லை, அக்கரையில் நின்ற மாடு இவர்களை நிமிர்ந்து பார்த்தது. சிறிதரன் அதற்கு நேரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, முந்திரிப்பருப்புப் பொதியைப் பிரித்தார்.

செந்தில்நாதனின் ஃபோன் அடித்தது. படகுக்காரன். மனிதர் எழுந்து நின்று, தன் ஆபீஸ் ஆங்கிலத்தில், படகு வேண்டாம், ரொம்ப நன்றி, நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே கரை சேர்ந்துவிட்டோம் என்றார். படகுக்காரனுக்கு அது விளங்கவில்லை. பதிவை ரத்துச் செய்ய வேண்டும், எந்த சைட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டான்.

செந்தில்நாதன் தண்ணீரைப் பார்த்தார், சிறிதரனைப் பார்த்தார், தமிழிலேயே சொன்னார்:

"ஆறு."