வேம்பு ஊற்றிய பால்

1

இந்தக் கதை எனக்கு வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண், பெயர் வேம்பு, கையில் ஈரத்துணி சுற்றிய பாட்டில். முதல் வரியை இப்படி எழுதினேன்: 'வேம்பு நீதி கேட்டுப் புறப்பட்டாள்.' அடித்துவிட்டேன். நீதி என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. "பாலை டெஸ்ட் பண்ணணுங்க" என்றாள்.

2

அன்று காலை கறந்த ஆறு லிட்டரை அவள் தனியார் கம்பெனியின் பால் சென்டரில் கொடுத்தாள். சென்டர் நடத்தும் ராஜவேல் அளந்து, சோதனைக்குக் கொஞ்சம் மாதிரி எடுத்துக்கொண்டு, மீதியைப் பெரிய கேனில் கவிழ்த்தான். பிறகுதான் மெஷினைப் பார்த்தான்.

"தண்ணி கலந்திருக்குக்கா. கம்பெனி இதுக்குக் காசு தராது."

"ஒரு சொட்டு கலக்கல. வேணாம்னா என் பாலைத் திருப்பிக் குடு."

"எல்லார் பாலோடயும் சேந்துடுச்சே. எதுன்னு பிரிச்சுத் தர்றது?"

"அப்ப டெஸ்டுக்கு எடுத்த மாதிரியையாவது குடு. வேற எடத்துல பாத்துக்குறேன்."

"கொட்டிட்டேன்."

(ராஜவேலைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். கொட்டச் சொன்னது கம்பெனி. அவன் மாட்டுப் பாலும் அதே கேனில்தான் போகிறது. கைவிட்டேன்.)

வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த அதே கறவைப் பாலைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வேம்பு பஸ் ஏறினாள். பெரம்பலூரில் ஓர் ஆபீஸில் சோதிப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம்.

3

ஆபீஸில் சோதிக்க வேண்டிய சார் மீட்டிங்கில் இருந்தார். உச்சிவெயில் வரை வராந்தாவில் நின்றாள். நானும் நின்றேன், கதைக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் வந்து மூடியைத் திறந்ததும் முகம் சுளித்தார்.

"திரிஞ்சுபோச்சேம்மா. இதை எப்படி டெஸ்ட் பண்றது? அவங்க வாங்குன பால் இதுதான்னு என்ன சாட்சி?"

"அந்தப் பாலு அவங்ககிட்டல்ல இருக்கு சார்."

அவர் மனமிரங்கி

இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

4

மறுநாள் நடந்ததை வேம்பு போனில் சொன்னாள். ராஜவேல் ஒரு தாளை நீட்டியிருக்கிறான். கம்பெனியின் சோதனையே முடிவு. மாதிரி கேட்க உரிமையில்லை. ஊற்றிய பால், விலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கம்பெனிக்கே சொந்தம்.

"ஆபீஸ் வரைக்கும் போயிட்டீங்களாம்க்கா. கையெழுத்துப் போட்டாத்தான் வாங்கச் சொல்றாங்க."

சுற்றுவட்டாரத்தில் வேறு சென்டர் இல்லை. கொண்டுவந்த பால் வெயிலில் இருந்தது. வேம்பு தாளை இரண்டு தரம் படித்தாள். போட்டாள்.

"தெரியாம போட்டிருந்தாக்கூடப் பரவால்லங்க. படிச்சுட்டுப் போட்டேன்."

5

அவள் தாளைக் கிழிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். ஊர்ப் பெண்கள் எல்லோரும் கேனோடு திரும்பிப் போவதாக இன்னொன்று. இரண்டும் என்னிடம் இருக்கின்றன, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அன்று சாயங்காலமும் மாடு மடி கனத்துக் கத்தும். கறந்த பாலை வேம்பு எங்கே கொண்டுபோய் ஊற்றுவாள்?