சீசாவின் மறுமுனை

அக்காவும் நானும் பேசி இருபத்தாறு நாளாகிறது. ஒரே பட்டறை, ஒரே மேசை. அவள் மரத்தை அறுத்து இழைப்பாள், நான் வர்ணம் பூசுவேன். சறுக்கு மரம், ஊஞ்சல், சீசா எல்லாம் எங்கள் கையால்தான் பூங்காக்களுக்குப் போகும். வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்துவிட்டது, தானும் கிளம்புவதாக ஒருநாள் ஆணி அடித்துக்கொண்டே சொன்னாள். "போ, போய்த் தொலை" என்றேன். அதோடு சரி. பிறகு எல்லாம் துண்டுச் சீட்டில்தான்.

நாளைக் காலை அவளுக்கு ரயில். இன்று மத்தியானம் எங்கள் கடைசிச் சீசா.

அந்த நேரத்தில் பட்டறையே அரைத்தூக்கத்தில் இருக்கும். கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில் மரத்தூள் கீழே விழ மனமில்லாமல் மிதக்கும். பூங்காக்காரர்கள் சீசாவோடு ஒரு போர்டும் கேட்டிருந்தார்கள், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று குழந்தைகள் படிப்பதற்கு. அக்கா எங்கேயோ தேடிப் படித்து எழுதிய சீட்டு என் தூரிகை டப்பாவுக்கு அடியில் இருந்தது.

'இது இங்கிலீஷ் சொல். ரம்பத்துக்கு அந்த மொழியில் "சா" என்று பெயர். மரம் அறுக்கும் இரண்டு பேர் நீள ரம்பத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, தாளம் தப்பாமல் இருக்க "சீசா, சீசா" என்று பாடுவார்களாம். அந்தப் பாட்டு குழந்தைகள் வாயில் புகுந்து, கடைசியில் அவர்கள் ஏறி இறங்கி ஆடும் பலகைக்கே பெயராகிவிட்டது என்கிறார்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும்.'

கடைசி வரி பூங்காவுக்கா, எனக்கா? சுருக்கென்றது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினேன். எழுத எழுத, எந்தக் காலத்திலோ, எந்தக் காட்டிலோ இரண்டு பேர் பாடிக்கொண்டே அறுப்பது கண்ணில் வந்தது. ரம்பம் போகிறது, வருகிறது. ஒருவருக்கு முகமே இல்லை. இன்னொருவர் நிமிர்ந்தால் அக்கா. தூரிகை காய்ந்துபோனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஆடிப் பாத்தாச்சா? ஏத்திரலாமா?" லாரிக்காரர் வாசலில் நின்றார்.

செய்த இரண்டு பேரும் ஏறி ஆடிப் பார்க்காமல் எந்தச் சீசாவும் வெளியே போகாது. அது எங்கள் பட்டறை வழக்கம். நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்தோம்.

"வேணும்னா நான் ஒரு பக்கம் உக்காரவா?"

"வேணாம்" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அவர் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார். நாங்கள் ஏறினோம். நான் மேலே போனேன், அவள் கீழே. பிறகு அவள் மேலே. என் முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும். சின்ன வயதில் இப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தோம், அவள் சொல்லாமல் கொள்ளாமல் குதித்து ஓடிவிட்டாள்.

"கடைசி வரிய விட்டுட்டியே" என்றாள்.

"போர்டுல இடம் பத்தல."

"பொய்."

"ஆமா, பொய்தான்."

மேலே போனபோது மரத்தூளெல்லாம் என்னோடு மிதந்தது. கீழே அவள் முகம் சின்னதாக, எங்கேயோ தூரத்தில் தெரிந்தது.

"இன்னுமா கோவம்?"

"நீ போனா எனக்கு இங்க ஒண்ணும் ஓடாதுக்கா. அதான் கோவம்."

இன்னும் நாலு தரம் ஆடினோம். எனக்கு அது முடியவே வேண்டாம் போலிருந்தது. வெளியே லாரி ஹாரன் அடித்தது. அக்கா பலகையை நடுமட்டத்தில் நிறுத்தினாள்.

"நான் இறங்கப் போறேன்டி. கால நல்லா ஊனிக்கோ."

கண் கலங்கிவிட்டது. இரண்டு காலையும் ஊன்றினேன்.

"ஊனிட்டேன். இறங்குக்கா."

இறங்கினாள். ஆனால் என் முனை தரையைத் தொடும்வரை, தன் முனையை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல விட்டுக்கொண்டே இருந்தாள்.

போர்டில் நிறைய இடம் இருந்தது. லாரிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தூரிகையை நனைத்தேன்.