இடது கையில் இருக்கிறது

1
இந்தக் கதை என் மாமியார் சொன்ன மூன்று வார்த்தைகளிலிருந்து வந்தது: "இடது கைல இருக்கு."

நாணயத்தை வலது கைக்கு மாற்றுவதுபோல் காட்டி, இடது கையிலேயே வைத்துக்கொள்ளும் பழைய வித்தை. நான் வலது கையைப் பார்ப்பேன். என் கண் போகும் பக்கம் எல்லோரும் பார்ப்பார்கள். அத்தை மட்டும் என் முகத்தையே பார்ப்பதில்லை. அவர் மகள் இறந்துபோனதிலிருந்து அப்படித்தான். அதனால் அவரை ஏமாற்ற முடியாது.

2
வேறொரு தொடக்கம்: 'மனைவி இல்லாத வீட்டில் அவன் ஒரு நாணயத்தை'

வேண்டாம். நாணயம் அவளுடையது என்று நினைத்துவிடுவீர்கள். மருந்துக்கடையில் மீதியாக வந்தது.

[இங்கே அவளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

3
மாடிவீட்டுப் பெண்குழந்தையின் பிறந்தநாளுக்கு அரைமணி நேரம் வித்தை காட்ட ஒப்புக்கொண்டிருந்தேன். கைவசம் இருந்ததோ இந்த ஒன்றுதான். கண் சிமிட்டினால் முடிந்துவிடும்.

"அத்தை, சனிக்கிழமை அங்க வந்து வாயத் திறக்காதீங்க."

"திறக்காம எதுக்கு வரணும்? ஞாயித்துக்கிழமை மகன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் இஷ்டத்துக்கு ஏமாத்துங்க, மாப்ளே."

(அவர் போகக் கூடாது. இதை நேரில் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.)

4
அவர் வாயையே வித்தையாக்கினேன். அவர் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க நாணயம் இடம் மாறும்: சட்டைப் பை, செருப்பு, கடைசியில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு.

"இதுல நான் கோமாளியா?"

"கோமாளி நான். நீங்க போலீஸ்."

"அப்பச் சரி. செருப்புல வெச்சத மட்டும் என் கூட்டுல போடாதீங்க."

சனிக்கிழமை குழந்தைகள் மொத்தமும் போலீஸ் கட்சி. நான் செருப்பைக் கழற்றியபோது ஒருவன் சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டான்.

கூட்டிலிருந்து நாணயத்தை எடுத்தேன். ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தேன். முதல் வித்தையையே மறுபடி காட்டி, இரண்டு கையையும் மூடி நீட்டினேன்.

"எந்தக் கை, அத்தை?"

அவர் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வலது."

வலது கை காலி.

5
ஏமாந்தாரா, ஏமாந்ததுபோல் நடித்தாரா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

படியிறங்கும்போது கேட்டேன்: "நெசமாவே தெரியலயா?"

"செருப்பக் கழட்டுறத இன்னும் மெதுவாச் செய்யணும், மாப்ளே. அவசரப்படுறீங்க."

ஞாயிறு காலை அவருடைய பெட்டி கூடத்தில் இருந்தது. மூடியிருந்தது. துணி இருக்கிறதா, காலியா என்று நான் தூக்கிப் பார்க்கவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். என் கண்ணைப் பார்க்காமல் சொல்லுங்கள்.